பொய் சொன்ன போல்ட்

அத்தியாயம் ஐந்து

செங்கோடனின் பட்டறைப் பூட்டை நாளை சந்தை கூடும் நேரத்தில், ஊர் பார்க்கத் தன் கையாலேயே உடைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் ஜாபர் உசேன் துப்பறிபவருக்கு ஆள் அனுப்பினார். வழி தெரியாமல் அல்ல. பழி வாங்கும்போது கையில் அத்தாட்சி இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அத்தாட்சி இல்லாமல் கோபப்படுகிறவன் தெருச் சண்டைக்காரன். பேளுக்குறிச்சியில் மூன்று தலைமுறையாக மிளகு வியாபாரம் செய்யும் குடும்பத்தில் தெருச் சண்டைக்காரன் எவனும் பிறந்ததில்லை.

விஷயம் இதுதான். கொல்லிமலைக்கு ஏறி மிளகு மூட்டை இறக்க அவர் ஒரு குட்டி ஜீப் வைத்திருந்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. மழையில் மண் ரோடு கரைந்து ஓடும்போதும் ஏறும். அந்த வண்டிக்கு, தொண்ணூற்றெட்டு அக்டோபரில் தொடங்கி இந்தத் தொண்ணூற்றொன்பது பிப்ரவரிக்குள், மூன்று முறை ஹெட் கேஸ்கட் போய்விட்டது. என்ஜினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே, தண்ணீரும் நெருப்பும் கலந்துவிடாமல் காவல் நிற்கும் தகடு அது. அது எரிந்தால் வண்டி வெள்ளைப் புகை கக்கி, கொதித்து, நின்ற இடத்தில் படுத்துவிடும்.

மூன்றாவது முறை படுத்தபோது உள்ளே கொச்சியிலிருந்து வந்த ஏற்றுமதி வியாபாரி உட்கார்ந்திருந்தார். மிளகுக் கொடி பார்க்க அழைத்துப் போன விருந்தாளி. அவர் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று, கடைசியில் பலாப்பழ லாரியின் மேலே, பழங்களுக்கு நடுவே ஒரு பழம் போல உட்கார்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தார். சந்தை முழுக்க அதைப் பார்த்தது. சிரித்தவர்களின் முகங்களை ஜாபர் உசேன் ஒவ்வொன்றாக நினைவில் வைத்திருந்தார்.

மூன்று முறையும் என்ஜினைத் திறந்து மூடியவன் மெக்கானிக் செங்கோடன். அவன் பட்டறை நிற்பது ஜாபர் உசேனின் இடத்தில்; பூட்டை உடைத்துச் சாமானை வெளியே எறிந்தால் கேட்க ஆள் இல்லை. வேண்டுமென்றே செய்தவன் யாராக இருந்தாலும் நாளை சந்தை நடுவில் பேர் சொல்லுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். யாராக இருந்தாலும் என்று சொன்னாலும் ஊருக்கு அது யார் என்று தெரியும்.

ஒன்பது மணி பஸ்ஸில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டையில் ஒல்லியாக, சிலேட்டுக் குச்சி போல நின்றவர் ஆரோக்கியசாமி. பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்துவிட்டு, இப்போது நாமக்கல்லில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவர். கூட வந்தவன் இறங்கியதும் பஸ் ஒரு பக்கம் நிமிர்ந்தது. அவன் குழந்தைசாமி. பழைய லாரி டிரைவர், இப்போது உதவியாளர்.

"நான்தானுங்க குழந்தை," என்று அவன் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டான். "பேரு வெச்சப்ப எங்கம்மாவுக்கு இப்பிடி ஆகும்னு தெரியாதுங்க."

ஜாபர் உசேன் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நேராக மிளகுக் கோடவுனுக்கு அழைத்துப் போனார்.

ஜீப் அங்கேதான் நின்றது. தன் வண்டியை அடுத்தவன் பட்டறையில் தலை திறந்து போட்டு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று அவர் நினைத்ததால், என்ஜின் வேலை எப்போதும் இங்கே, மூட்டைகளுக்கு நடுவில்தான் நடக்கும். செங்கோடன்தான் சாமான்களைச் சுமந்து வர வேண்டும். அன்றும் வந்திருந்தான். நாற்பது வயது, ஒட்டிய கன்னம். நாமக்கல் லேத்தில் மட்டம் பார்த்து வாங்கி வந்த என்ஜின் தலையை ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜாபர் உசேன் சந்தையில் அவன் மேல் சந்தேகத்தைச் சொன்ன பிறகு, இரண்டு மாதமாக அவனிடம் வேறு யாரும் வண்டி கொடுப்பதில்லை.

"பழைய தகடுகளை வச்சிருக்கீங்களா?" என்றார் ஆரோக்கியசாமி.

செங்கோடன் மூன்றையும் தரையில் விரித்தான்.

"இதுங்கதான் பிரேதமுங்களா?" என்று குழந்தைசாமி குனிந்து பார்த்தான். குனிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஏனுங்க, இந்த ஒண்ணு நடு வகிட்டுல எரிஞ்சிருக்குது. மத்த ரெண்டும் பின்பக்க மூலையில."

"முதல் தடவை எப்படிப் போச்சு?" என்றார் ஆரோக்கியசாமி.

"பைப்பு உட்டுப்போயி தண்ணியில்லாம ஓட்டிட்டாப்பிலீங்க டிரைவர் ராசு," என்றான் செங்கோடன். "அது என்னமோ நாயமான சாவுங்க. மத்த ரெண்டுந்தான் எனக்குப் புடிபடலை."

"ஒரே திருடன் ஒரே ஊட்டுல ரெண்டு தடவை ஓட்டைப் பிரிச்ச மாதிரி இருக்குதுங்க," என்றான் குழந்தைசாமி. "அதே மூலை, அதே ஓடு."

ஆரோக்கியசாமி வேலையில் இறங்கினார். ரேடியேட்டரில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தண்ணீர் பம்பைக் கையால் சுற்றினார். காற்றாடியை ஆட்டினார். என்ஜின் தலையின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடிக்கச் சொன்னார். ஸ்கேலுக்கு அடியில் ஒரு நூல் வெளிச்சம்கூட வரவில்லை. உடம்பு மட்டத்தையும் அதே மாதிரி பார்த்தார்.

"ரேடியேட்டர் மேல தப்பில்லை. பம்பு மேல தப்பில்லை. மட்டமும் சரி."

"தப்பில்லாதவங்களை எண்ணுறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?" என்றார் ஜாபர் உசேன்.

"அவங்களை எண்ணி முடிச்சாத்தான் பாய் மிச்சம் நிக்கிறவன் யாருன்னு தெரியும்."

மிச்சம் நின்றவை பத்து போல்ட்கள். என்ஜின் தலையை உடம்போடு சேர்த்துப் பிடிப்பவை. செங்கோடன் அவற்றை ஓர் அட்டைப்பெட்டி மூடியில் ஓட்டை போட்டு, என்ஜினில் இருந்த வரிசையிலேயே குத்தி வைத்திருந்தான். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம். ஆரோக்கியசாமி ஒவ்வொன்றாக உருவி நுனியைப் பார்த்தார். ஒன்பது நுனியும் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தன. பின்பக்க மூலை போல்ட்டின் நுனி மட்டும் கரியாக இருந்தது.

"என்ஜின் உடம்புல இது இறங்குற குழியில என்ன இருந்துச்சு?"

"கருப்பா பொடி இருந்துச்சுங்க. ரெண்டு தடவையும் இருந்துச்சு. போன தடவை கார்பன்னு நெனச்சுச் சொரண்டிப் போட்டேன். இந்தத் தடவை இன்னுஞ் சொரண்டலீங்க."

ஆரோக்கியசாமி ஒரு கம்பியை வளைத்து அந்தக் குழிக்குள் விட்டு, அடியிலிருந்து கரிப் பொடியை வழித்து எடுத்துக் காகிதத்தில் தட்டினார். குழந்தைசாமி அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். அடுத்த நொடி கோடவுன் அதிரத் தும்மினான். இன்னொரு தடவை தும்மினான்.

"காரமுங்க," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தீஞ்சுபோன மொளகு."

ஜாபர் உசேனின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"சின்ன வித்தைதான்," என்றார் ஆரோக்கியசாமி. "குழிக்கு அடியில மிளகைப் போட்டுட்டா, போல்ட் அதுமேல போய் முட்டிக்கும். மெக்கானிக் இறுக்குறாரு. இறுக்கம் போதும்னு அளவு காட்டுற ஸ்பேனர் டிக்குனு சொல்லுது. ஆனா அது இறுக்குனது என்ஜின் தலையை இல்லை, மிளகை. கொஞ்ச நாள் சூட்டுல மிளகு கருகிச் சுருங்கும். போல்ட் சும்மா பேருக்கு நிக்கும். பாரத்தோட மலை ஏறுறப்போ அந்த மூலையில தகடு வாயைத் திறந்துடும்."

"அப்ப ஸ்பேனரு பொய்ச்சாட்சி சொல்லிருச்சுங்களா?"

"ஸ்பேனர் இல்லை குழந்தை. போல்ட்தான் பொய் சொன்னது. ஸ்பேனர் அதை நம்புச்சு. செங்கோடன் ஸ்பேனரை நம்பினாரு."

ஜாபர் உசேன் செங்கோடன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "என் மிளகை எடுத்தே என் வண்டியைக் கொன்னிருக்கே."

"பாய்ங்க, சத்தியமா..."

"இருங்க," என்றார் ஆரோக்கியசாமி. "இவர் கெடுக்கணும்னா போல்ட்டைக் கால் சுத்து கம்மியா இறுக்கினாப் போதும். யாருக்கும் தெரியாது. மிளகு எதுக்கு?"

"அப்போ மூட்டையிலிருந்து உருண்டு விழுந்திருக்கும்."

"உருண்ட மொளகு பத்துக் குழியில ஒரே குழிக்குள்ள, ரெண்டு தடவையும் வெலாசம் கேட்டுப் போயி உழுந்துச்சுங்களா?" என்றான் குழந்தைசாமி. "அவ்வளவு வெவரமான மொளகுன்னா அதையே கல்லாவுல உக்கார வெச்சரலாமுங்க."

ஆரோக்கியசாமி செங்கோடனைக் கேட்டார்: "குழிகளைத் துடைச்ச பிறகு நேரா தலையை வச்சு மூடிடுவீங்களா?"

"இல்லீங்க. தொடச்சு, துணி போட்டு மூடிட்டு, சாப்படப் போவேன். பாய் ஊட்டு வழக்கமுங்க."

அது உண்மை. அந்த வீட்டு வேலையில் கை வைத்த எவனும், வேலை முடியும் முன் அந்த வீட்டுச் சோற்றில் உட்காராமல் போகக் கூடாது. ஜாபர் உசேனின் தகப்பனார் காலத்து வழக்கம். மூட்டை தூக்குகிறவன் முதல் மெக்கானிக் வரை எல்லோரும் முன்கூடத்தில் ஒரே விரிப்பில் உட்கார்வார்கள். அவரும் அவர்களோடு உட்கார்வார். மகன் ரமீஸ் பரிமாறுவான்.

"இன்னைக்கும் அப்படியே நடக்கட்டும்," என்றார் ஆரோக்கியசாமி. "ஒரு மாத்தமும் வேண்டாம். காவலும் வேண்டாம்."

"மறைஞ்சு நின்னு பாக்க வேண்டாமுங்களா?" என்று கேட்ட குழந்தைசாமி, உள்ளேயிருந்து வந்த பிரியாணி வாசனையை மூச்சில் இழுத்து, "வேண்டாமுங்க, அது மரியாதை இல்லை," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான்.

செங்கோடன் பத்துக் குழிகளையும் கம்பியில் துணி சுற்றித் துடைத்தான். சைக்கிள் பம்பால் காற்றடித்தான். ஆரோக்கியசாமி ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தம். மேலே துணி போட்டு மூடினார்கள்.

முன்கூடத்தில் ஜாபர் உசேன் தலைகளை எண்ணினார். செங்கோடன் தன் எதிரில். டிரைவர் ராசு அவன் பக்கத்தில். மூட்டை தூக்கும் இருவர் கோடியில். ரமீஸ் சட்டியோடு நடுவில். ஒருவனும் அவர் கண்ணை விட்டு அசையவில்லை. குழந்தைசாமி மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டபோது, ஜாபர் உசேன் மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டார். எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். குழி சுத்தமாகத்தான் இருக்கப் போகிறது. அப்படி இருந்தால், எப்போதும் சாப்பிட்டுவிட்டு முதலில் எழுந்து கோடவுனுக்குப் போகிற செங்கோடன்தான் குற்றவாளி. நாளை பூட்டை உடைக்கச் சம்மட்டியா, கடப்பாரையா என்பது மட்டும்தான் பாக்கி.

கை கழுவிவிட்டு எல்லோரும் ஒன்றாகவே கோடவுனுக்குப் போனார்கள். ஆரோக்கியசாமி துணியை விலக்கி, பின்பக்க மூலைக் குழியில் டார்ச் அடித்தார்.

குழந்தைசாமியின் ஏப்பம் பாதியில் நின்றது.

குழிக்குள் மிளகு இருந்தது.

செங்கோடன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அழுதானா என்று தெரியவில்லை.

ஆரோக்கியசாமி சின்ன இடுக்கியால் மிளகை ஒவ்வொன்றாக எடுத்தார். ஏழு. அவற்றை ஜாபர் உசேனின் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு என்ஜின் தெரியும் பாய். மிளகு தெரியாது. மிளகைப் பார்த்தே எந்தத் தோட்டம்னு சொல்றவர் நீங்கன்னு சந்தையில சொன்னாங்க. இது எந்தத் தோட்டத்துது?"

அதைப் பெருமையாகச் செய்பவர்தான் ஜாபர் உசேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தொட்டு, மலையில் வளப்பூர் நாட்டுச் சரக்கா, அரியூர் நாட்டுச் சரக்கா என்று சொல்லிவிடுவார். மிளகை விரலால் உருட்டினார். உருட்டும்போதே தெரிந்தது. தன் கோடவுனில் கிடக்கிற சரக்கு இல்லை இது. பெரிய கண் சல்லடையில் சலித்த பருமன் மிளகுதான் இங்கே வரும். இது பொடிசு. சுருக்கம் நெருக்கமாக விழுந்த, கல் போல இறுகிய மிளகு. ஒன்றைக் கடித்தார். நாக்கு நுனியில் காரம் இல்லை. பொறுத்துப் பொறுத்து, தொண்டைக்குள் போன பிறகு மெதுவாக எரிந்தது.

அந்த எரிச்சல் அவருக்குப் பழக்கம். மலை முழுவதிலும் ஒரே ஒரு தோட்டத்து மிளகுதான் அப்படி எரியும்.

சிக்கந்தரின் தோட்டம். அவர் மனைவி ஜுலைகா பீவியின் தம்பி. அரியூர் நாட்டுப் பக்கம் பலா மரங்களில் கொடி ஏற்றி விவசாயம் செய்தவன். தொண்ணூற்றேழு ஜனவரியில் முதல் மூட்டையை அக்காள் வீட்டுக்கு என்று ஆசையாகக் கொண்டுவந்து இதே கோடவுனில் அவிழ்த்தான். நாலு வியாபாரிகள் நின்றிருந்தார்கள். ஜாபர் உசேன் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இது மிளகு இல்லை மாப்பிள்ளை, எலிப் புழுக்கை," என்றார். சிரிப்பு எழுந்தது. சிக்கந்தர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் எதிர்க்கடையில் விற்றான். மச்சான் வீட்டை மீறி எதிர்க்கடையில். அன்றோடு போக்குவரத்து நின்றது. அந்த அக்டோபர் மழையில் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. வண்டி கேட்டு மலையிலிருந்து ஆள் ஓடி வந்தான். வண்டி போகவில்லை. மறுநாள் பஸ்ஸில் அவனுடைய உடம்புதான் இறங்கியது.

இரண்டு வருஷமாக அவன் தோட்டத்து மிளகு இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்று நினைத்திருந்தார்.

ஆரோக்கியசாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோடவுனிலிருந்து சமையலறைக்குப் போகும் உள்கதவை ஒரு தரம் பார்த்தார். அந்தக் கதவுப் பக்கம் நின்றால் கைக்கு எட்டுவது பின்பக்க மூலைக் குழி ஒன்றுதான்.

"என் வேலை முடிஞ்சுது பாய்," என்றார். "பேரு நான் எழுத மாட்டேன். அது உங்க இஷ்டம். ஆனா இவர் பேரை எழுத விட மாட்டேன்."



ஜாபர் உசேன் உள்கதவைத் திறந்துகொண்டு போனார்; அதை மூட மறந்தார். ஜுலைகா பீவி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"கடிச்சுப் பாத்தீங்களா?"

அவர் நின்றார்.

"எலிப் புழுக்கை இன்னமும் காரமா இருக்குதுங்களா?"

"துப்பறியுறவர் வந்திருக்காருன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரிஞ்சுதான் போட்டேன். எத்தனை நாளைக்கு நான் ஒருத்தியே தெரிஞ்சு வச்சிருக்கிறது?"

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"பாவம், செங்கோடன்தான். மொதத் தடவை வண்டிய தெறந்தப்போ ரமீஸு கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தான். குழிக்குள்ள ஒரு கல்லு கெடந்தாப் போதும், போல்ட்டு புடிச்ச மாதிரியே இருக்கும், புடிச்சிருக்காதுன்னு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். நம்ம குடும்பம் மாதிரியே இருக்குதேன்னு நெனச்சேன்."

ஜாபர் உசேன் உள்ளங்கையில் இருந்த மிளகை அடுப்பு மேடையில் கொட்டினார். "ஊட்டு மானத்தை நடு ரோட்டுல போட்டு உடைச்சிட்டியே ஜுலைகா."

"உங்க மானம் பலாப்பழ லாரியில ஏறியாச்சும் ஊடு வந்து சேந்துருச்சு. அதே ரோட்டுல என் தம்பி வந்து சேரலீங்க." இப்போதுதான் அவள் திரும்பினாள். கண் காய்ந்திருந்தது. "அன்னைக்கு வந்த ஆளுகிட்ட என்ன சொல்லி அனுப்பினீங்க? வண்டி ரிப்பேருன்னு சொன்னீங்க. வண்டி வாசல்ல கழுவித் தொடச்சு நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஜாபர் உசேன் வாக்குப் பொய்யாகக் கூடாதுல்லங்க? அதான் ரிப்பேர் ஆக்கினேன்."

அடுப்பு மேடையின் ஓரத்தில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. தம்பி கடைசியாகக் கொடுத்தனுப்பிய மிளகு. இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

அவர் மனசில் ஒரு எண்ணம் வந்து போனதை மறைப்பதற்கில்லை. நாளை செங்கோடன் பேரைச் சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். வந்தவர்கள் இருவரும் வெளியூர்க்காரர்கள். அவர் கண்ணை அவள் படித்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் படித்த கண்.

"சொல்லுங்க. சந்தையில அவன் பேரைச் சொல்லுங்க. நானும் முக்காடு போட்டுக்கிட்டு அங்கேயே வாரேன். என் பேரைச் சொல்றேன், எதுக்குப் போட்டேன்னும் சொல்றேன்."

"உனக்கு என்ன வேணும்?"

"சந்தைக்கு உங்க பேரு போதும். காரணத்தை மலைக்குப் போய்ச் சொல்லணும். அவன் பொண்டாட்டி முன்னால நின்னு, உங்க வாயால."

அவர் கோடவுனுக்குத் திரும்பினார். செங்கோடன் எழுந்து நின்றான்.

"உன் மேல தப்பில்லை. வண்டியை மூடு," என்றார்.

செங்கோடன் ஸ்பேனரை எடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டான். இத்தனை வருஷத்தில் அவன் ஜாபர் உசேனுக்கு நேராக நிமிர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"இங்க சொன்னா ஆச்சுங்களா பாய்? என்னைச் சந்தையில திருடனாக்குனீங்க. ரெண்டு மாசமா என் பட்டறையில ஒரு சைக்கிளு கூட நிக்கலீங்க. நாளைக்கு அதே சந்தையில சொல்லுங்க. சொன்னதுக்கப்புறம் வந்து மூடறேன். அதுவரைக்கும் உங்க வண்டி வாயப் பொளந்துக்கிட்டே கெடக்கட்டும்."

அவன் போய்விட்டான்.

மறுநாள் சந்தை, மிளகும் கடுகும் சீரகமும் குவிந்து, பத்து மணிக்குள் நிரம்பிவிட்டது. செங்கோடன் தன் பட்டறை வாசலில் பூட்டுக்குப் பக்கத்தில் நின்றான். ஆரோக்கியசாமியும் குழந்தைசாமியும் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு டீக்கடையில் நின்றார்கள்.

ஜாபர் உசேன் வெள்ளைச் சட்டை, தொப்பியோடு, எப்போதும் போல நிமிர்ந்து நடுச் சந்தைக்கு வந்தார். கையில் சம்மட்டி இல்லை. கூட்டம் ஒதுங்கி வட்டம் போட்டது.

"வண்டியைக் கெடுத்தவன் பேரைச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்," என்றார். "செங்கோடன் கையில குறை இல்லை. அவன் தொழில்ல குறை இல்லை. கெடுத்தது ஜாபர் உசேன்."

கூட்டத்துக்குப் புரியவில்லை. தன் வண்டியைத் தானே எவன் கெடுப்பான் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க்கடை வியாபாரி அர்த்தனாரி ஒருவர்தான் வாய் திறந்தார். "எப்பிடிங்க பாய்?"

"அது என் ஊட்டு விஷயம். பேரு கேட்டீங்க, சொல்லிட்டேன்."

திரும்பி நடந்தார். முதுகு வளையவில்லை. ஆனால் கழுத்தில் வியர்வை கோடாக வழிந்தது.

"அரைக் குத்தத்தை ஒத்துக்கிறதுக்கே இந்த வேர்வைங்களா?" என்றான் குழந்தைசாமி டீயை உறிஞ்சிக்கொண்டு.

"மிச்ச அரைக்கு எழுபது வளைவு ஏறணும் குழந்தை," என்றார் ஆரோக்கியசாமி.

அன்று மதியம் செங்கோடன் சாப்பிட உட்காரவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. பத்துக் குழிகளையும் துடைத்து, புதுத் தகட்டை வைத்து, தலையை இறக்கி, பத்துப் போல்ட்டையும் வரிசையாக இறுக்கினான். பத்துத் தடவை டிக் என்று கேட்டது. பத்தும் உண்மை.

டிரைவர் ராசு சாவிக்குக் கை நீட்டினான். ஜாபர் உசேன் கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்தார். ஜுலைகா பீவி வெளியே வந்து, முன் சீட்டைத் தாண்டிப் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் ரோடு தலையைத் தூக்கியது. வளைவுக்கு வளைவு அவர் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். பாதியில் நின்ற முள் பாதியிலேயே நின்றது. கொச்சி வியாபாரி நின்ற வளைவு வந்தது, போனது. வண்டி ஒரு முனகல் முனகவில்லை. எங்கேயாவது நின்றுவிடாதா என்று ஒரு கணம் அவர் நினைத்தார். அது நிற்கவில்லை. அவ்வளவு நல்ல வண்டி அது. அன்றைக்கும் இப்படித்தான் ஏறியிருக்கும்.

அரியூர் நாட்டுச் சரிவில், பலா மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலில் பாய் விரித்து மிளகு காய்ந்தது. சிக்கந்தரின் மனைவி அப்ஸானா சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வண்டியைப் பார்த்தாள். இறங்கி வந்த நாத்தனாருக்கு வழி விட்டாள். ஜுலைகா பீவி உள்ளே போனாள்.

வாங்க என்ற வார்த்தைக்காக ஜாபர் உசேன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். எந்த வீட்டிலும் அவர் அதற்குக் காத்திருந்ததில்லை. அவர் வருமுன்பே அது வாசலுக்கு வந்து நிற்கும். இங்கே அது வரவில்லை. கடைசியில் அழைக்காத வாசலில் அவரே இறங்கினார். பாய்க்கு இந்தப் பக்கம் நின்றார்.

"அன்னைக்கு," என்றார். தொப்பியைச் சரிசெய்தார். மறுபடி தொடங்கினார். "அன்னைக்கு வண்டி ரிப்பேர் இல்லைம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்," என்றாள் அப்ஸானா. பாயில் காய்ந்த மிளகைக் காலால் கோதிப் புரட்டிக்கொண்டே.